உப்புத்தாள் ஓர் ஆட்டத்தில் கருவி, மற்றோர் ஆட்டத்தில் குற்றம்: பந்தின் மேற்பரப்பு ஆட்டத்தை மாற்றுவது எப்படி?

சித்தூர்: கல்லின் முகத்தை மாற்றினால் அதன் குணமும் மாறிவிடும் என்பது சித்தூர் மாவட்டத்தின் கிரானைட் பட்டறைகளில் அன்றாடம் காணக்கூடிய உண்மை. ஒரே பாறையிலிருந்து அறுத்தெடுத்த இரு பலகைகளில் ஒன்றைக் கண்ணாடி போல மெருகேற்றுவார்கள். மற்றொன்றின் முகத்தைத் தீச்சுடரால் சுட்டுச் சொரசொரப்பாக்குவார்கள். முதலாவது வரவேற்பறைச் சுவருக்குப் போகும். இரண்டாவது, மழையில் நனைந்தாலும் கால் வழுக்காத படிக்கட்டாக மாறும். கல் ஒன்றுதான், அதன் மேல்தோல் மட்டுமே வேறு.

விளையாட்டுப் பந்துகளுக்கும் இதே விதி பொருந்தும். எடை, அளவு, எறியும் கை ஆகிய எதுவும் மாறாமல், மேற்பரப்பு மட்டும் சற்று மாறினால் பந்தின் பாதை மாறிவிடுகிறது. அதனால்தான் பந்தைத் தேய்ப்பதும் துடைப்பதும் மெருகேற்றுவதும் விளையாட்டு உலகில் பெரும் திறமையாகவும் பெரும் சர்ச்சையாகவும் இருந்து வருகின்றன.

இதில் ஒரு முரண் உண்டு. டென்பின் பவுலிங் ஆட்டத்தில் உப்புத்தாள் கொண்டு பந்தைத் தேய்ப்பது வீரரின் வழக்கமான ஆயத்தப் பணி. கிரிக்கெட்டில் அதே செயலுக்காக 2018-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அணியின் கேப்டனும் துணை கேப்டனும் தலா 12 மாதங்கள் தடை செய்யப்பட்டனர். ஒரே செயலுக்கு இரு வேறு தீர்ப்புகள் ஏன்? பந்தின் மேற்பரப்பு என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இதற்கான விடை கிடைக்கும்.

எண்ணெய் பூசிய தளமும் உருளும் பந்தும்

சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற நகரங்களின் வணிக வளாகங்களில் டென்பின் பவுலிங் தளங்களைப் பலர் பார்த்திருக்கக்கூடும். 10 பின்களை நோக்கிப் பந்தை உருட்டி வீழ்த்துவதே ஆட்டம். பந்தை விடும் கோட்டிலிருந்து முதல் பின் வரையிலான தூரம் 60 அடி, அதாவது சுமார் 18.29 மீட்டர். பந்தின் எடை 16 பவுண்டு, ஏறத்தாழ 7.26 கிலோவைத் தாண்டக்கூடாது.

பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அந்தத் தளத்தில் உள்ளது. பலகையின் முன்பகுதியில், பெரும்பாலும் முதல் 40 அடி அளவுக்கு, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசப்பட்டிருக்கும். எஞ்சிய பகுதி உலர்ந்திருக்கும். எண்ணெய் உள்ள இடத்தில் பந்து வழுக்கிச் செல்லும். உலர்ந்த பகுதியை அடைந்ததும் உராய்வு கூடி, வீரர் கொடுத்த சுழற்சியின் திசையில் வளையத் தொடங்கும். இறுதியில் வழுக்கல் முற்றிலும் நின்று, சக்கரம் போல உருண்டு பின்களை மோதும். வழுக்கல், வளைவு, உருளல் ஆகிய இந்த மூன்று கட்டங்களும் எந்தெந்த இடத்தில் நிகழ்கின்றன என்பதே ஆட்டத்தின் மையம்.

வளைவு எதற்காக? வலக்கை வீரரின் பந்து முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் இடையிலான இடைவெளியில் சாய்வாக நுழைந்தால், 10 பின்களும் ஒரே வீச்சில் விழும் வாய்ப்பு அதிகம். நேராகச் செல்லும் பந்து பின்களில் மோதி எளிதில் விலகிவிடும். அரங்குகளில் பொதுப் பயன்பாட்டுக்கு வைக்கப்படும் பந்துகள் பெரும்பாலும் கடினமான, வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை கொண்டவை. எனவே அவை அதிகம் வளையாமல் செல்கின்றன. போட்டி வீரர்கள் தங்கள் விரல்களுக்கு ஏற்பத் துளையிட்ட சொந்தப் பந்துகளைக் கொண்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண் கூடினால் மென்மை கூடும்

பந்தின் மேற்பரப்பை மாற்றுவதற்கு வீரர்கள் தேய்ப்புத் தாள்களையும் தேய்ப்பு வட்டுகளையும் பயன்படுத்துகின்றனர். கிரானைட் பட்டறையில் உள்ளதைப் போலவே இங்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் உண்டு. எண் சிறிதாக இருந்தால் துகள்கள் பெரியவை, கீறல்கள் ஆழமானவை. எண் கூடக்கூட முகம் மென்மையாகும். 500 எண் கொண்ட வட்டால் தேய்த்த பந்து மங்கலாக இருக்கும். 2,000 எண்ணில் நடுத்தரமான தன்மை கிடைக்கும். 4,000 எண்ணைத் தாண்டி மெருகுக் குழம்பும் பூசினால் பந்து பளபளக்கும்.

சொரசொரப்பான பந்தின் நுண்ணிய மேடுகள் எண்ணெய்ப் படலத்தைக் கிழித்துப் பலகையைப் பற்றுகின்றன. அதனால் அது சீக்கிரமே வேகம் குறைந்து, முன்கூட்டியே மென்மையாக வளைகிறது. பளபளப்பான பந்தோ எண்ணெயின் மேல் மிதப்பது போல நெடுந்தூரம் வழுக்கிச் சென்று, உலர்ந்த பகுதியைத் தொட்டதும் கூர்மையாகத் திரும்புகிறது.

பந்து அதிகம் வளைந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் நடைமுறையில் அப்படியில்லை. மிகையாகத் தேய்த்த பந்து தன் ஆற்றலைத் தளத்தின் நடுவிலேயே செலவழித்துவிட்டு, பின்களை அடையும்போது தளர்ந்துவிடும். மிகையாக மெருகேற்றிய பந்து வளைய இடமில்லாமல் நேராகவே போய்விடக்கூடும். எண்ணெய் அதிகமுள்ள தளத்துக்குச் சற்றுச் சொரசொரப்பு தேவை. எண்ணெய் குறைந்த தளத்துக்கு மெருகு தேவை. அன்றைய தளத்தைப் படித்து அதற்கேற்ற முகத்தைத் தேர்வு செய்வதுதான் திறமை.

தேய்க்கும் முறையும் எளிமையானதே. சுழலும் பொறியின் மேல் பந்தை வைத்து, நீரில் நனைத்த வட்டை ஒரே சீரான அழுத்தத்தில் பிடிக்க வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் பந்தைத் திருப்பி அடுத்த பகுதியைத் தேய்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருப்பது அவசியம். பல ஆட்டங்களுக்குப் பிறகு தளத்தில் உரசியே அந்தச் சொரசொரப்பு மழுங்கிவிடும். எனவே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மீண்டும் தேய்க்கின்றனர்.

அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் என்ற அந்நாட்டு ஆட்ட அமைப்பு மேற்கொண்ட பந்து இயக்க ஆய்வு, பந்தின் பாதையைத் தீர்மானிக்கும் காரணிகளில் மேற்பரப்பின் சொரசொரப்பு முதன்மையானவற்றில் ஒன்று எனக் கண்டறிந்தது. உள்ளே இருக்கும் கனமான கருவின் வடிவம் பற்றியே வீரர்கள் அதிகம் பேசினாலும், வெளித்தோலே பெரும் பங்கு வகிக்கிறது.

ரசாயனத்தில் ஊறிய பந்துகள்

தேய்க்க அனுமதி உண்டு என்பதால் டென்பின் பவுலிங்கில் கட்டுப்பாடே இல்லை என்று பொருளல்ல. அந்த எல்லை வரையப்பட்டதன் பின்னணியில் ஒரு வரலாறு உள்ளது.

1973-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழில்முறை வீரர் டான் மெக்கியூன் ஒரே பருவத்தில் 6 பட்டங்களை வென்று, ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்வானார். அவருடைய பந்துகள் மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானில் ஊறவைக்கப்பட்டவை. அந்தத் திரவம் பிளாஸ்டிக் உறையை மென்மையாக்கியது. மென்மையான உறை தளத்தை இறுகப் பற்றியதால் பந்து மற்றவர்களின் பந்துகளைவிட வலுவாக வளைந்தது. அப்போது இதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லாததால் மெக்கியூன் செய்தது விதிமீறல் அல்ல. எனினும் மற்ற வீரர்களும் அதே வழியில் இறங்கினர். எளிதில் தீப்பற்றும் கரைப்பானை வீட்டில் வைத்துப் பந்துகளை ஊறவைப்பது பாதுகாப்புக் கேள்வியையும் எழுப்பியது.

இதையடுத்துப் பந்தின் மேற்பரப்புக்குக் குறைந்தபட்சக் கடினத்தன்மை நிர்ணயிக்கப்பட்டது. உறையில் ஊசிமுனைக் கருவியை அழுத்தி அளக்கும் இந்தச் சோதனையில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே செல்லும் பந்து நிராகரிக்கப்படும். சொரசொரப்புக்கும் பின்னாளில் உச்சவரம்பு வகுக்கப்பட்டது.

அமெரிக்க விதிகளின்படி இன்று இரு நிபந்தனைகள் முக்கியமானவை. முதலாவது, உப்புத்தாளோ மெருகுக் குழம்போ போட்டி தொடங்குவதற்கு முன்பு மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும். தொடங்கிய பிறகு பந்தின் முகத்தை மாற்றக்கூடாது. இரண்டாவது, தேய்ப்பதாக இருந்தால் பந்து முழுவதையும் ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுவதற்கு இடமில்லை. கிரிக்கெட்டின் கதை தொடங்குவதே இந்த இரண்டாவது நிபந்தனை இல்லாத இடத்தில்தான்.

காற்றில் வளையும் பந்து

டென்பின் பந்தின் போக்கைத் தீர்மானிப்பது தளத்துடனான உராய்வு. கிரிக்கெட் பந்தின் ஸ்விங்கைத் தீர்மானிப்பது அதைத் தழுவிச் செல்லும் காற்று. சட்டப்படி 155.9 முதல் 163 கிராம் வரை எடை கொண்ட அந்தத் தோல் பந்தின் நடுவே புடைத்த தையல் ஓடுகிறது. பறக்கும் பந்தின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய காற்றடுக்கு ஒன்று நகர்கிறது. வழுவழுப்பான பக்கத்தில் அந்த அடுக்கு சீராக ஓடி, விரைவிலேயே பந்தை விட்டு விலகிவிடும். தையலிலோ சொரசொரப்பிலோ இடறினால் அது கொந்தளிப்பான ஓட்டமாக மாறி, பந்தோடு இன்னும் சற்று நேரம் ஒட்டியிருந்து பிறகு விலகும்.

தையலைச் சாய்வாக வைத்து வீசும்போது ஒரு பக்கத்தில் காற்று முன்னதாகவும் மறுபக்கத்தில் தாமதமாகவும் விலகுகிறது. இந்த வேறுபாட்டால் பந்தின் பின்னால் செல்லும் காற்று ஒரு பக்கமாகத் தள்ளப்பட, பந்து அதன் எதிர்ப்பக்கமாக நகர்கிறது. இதுவே வழக்கமான ஸ்விங். புதிய பந்தில் தையல் சுட்டும் திசையில் பந்து வளையும்.

ஆட்டம் நீளும்போது பந்து தேய்கிறது. அப்போது ஒரு பக்கத்தைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டு, மறுபக்கத்தைத் தானாகத் தேய விடுவது பந்துவீசும் அணியின் உத்தி. அந்த நிலையில் வழக்கமான ஸ்விங் பளபளப்பான பக்கத்திலிருந்து விலகிச் சொரசொரப்பான பக்கம் நோக்கிச் செல்லும்.

பந்து மிகவும் தேய்ந்து, வீச்சின் வேகமும் அதிகமாக இருந்தால் நிலைமை தலைகீழாகிறது. சொரசொரப்பான பக்கம் முன்னோக்கி இருக்கும்போது காற்றோட்டம் தையலை அடைவதற்கு முன்பே கொந்தளிப்பாகிவிடும். அதன் பின் வரும் தையல் மறுபக்கத்தின் காற்றடுக்கைத் தடிமனாக்கி முன்னதாகவே விலகச் செய்கிறது. பந்து இப்போது பளபளப்பான பக்கம் நோக்கி, தையலுக்கு எதிர்த்திசையில் வளைகிறது. இதுவே ரிவர்ஸ் ஸ்விங். பேட்டர் கையைப் பார்த்து ஒரு திசையை எதிர்பார்க்க, பந்து கடைசி நேரத்தில் மறுதிசையில் பாய்கிறது.

பாகிஸ்தானின் சர்ஃபராஸ் நவாஸ் இந்தக் கலையின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். அவரிடமிருந்து இம்ரான் கானுக்கும், பின்னர் வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ் ஆகியோருக்கும் அது சென்றது. ரவீந்திர மேத்தா என்ற விஞ்ஞானி, காற்றுச் சுரங்கத்தில் கிரிக்கெட் பந்துகளை வைத்து நடத்திய சோதனைகளின் முடிவுகள் 1983-ஆம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் வெளியாகின. பின்னாளில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய அவர், ரிவர்ஸ் ஸ்விங்கின் அறிவியலையும் விரிவாக விளக்கினார்.

இந்தியச் சூழலுக்கு இது மிகவும் நெருக்கமான கலை. மீரட்டில் கையால் தைக்கப்படும் எஸ்ஜி பந்துகளே இந்தியாவில் நடைபெறும் டெஸ்ட் போட்டிகளில் பயன்படுகின்றன. வறண்ட, கரடான ஆடுகளங்களில் பந்து விரைவாகத் தேய்வதால் ரிவர்ஸ் ஸ்விங்குக்கு வழி பிறக்கிறது. ஒருநாள் போட்டிகளில் 2011 முதல் ஒவ்வொரு முனைக்கும் தனித்தனிப் புதிய பந்து கொடுக்கப்பட்டபோது எந்தப் பந்தும் போதிய அளவு தேயாததால் இந்தக் கலை மங்கியது. 2025-ஆம் ஆண்டு ஐசிசி இந்த விதியைத் திருத்தி, 35-ஆவது ஓவரிலிருந்து ஒரே பந்தைப் பயன்படுத்த வகை செய்தது.

சேப்பாக்கத்தில் கிளம்பிய புயல்

பந்தின் பளபளப்பு குறித்த சர்ச்சைகளில் தமிழக மண்ணோடு தொடர்புடையது 1977-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சேப்பாக்கத்தில் நிகழ்ந்தது. டோனி கிரெய்க் தலைமையிலான இங்கிலாந்து அணி டெல்லியிலும் கொல்கத்தாவிலும் வென்றுவிட்டு மூன்றாவது டெஸ்டுக்காக அன்றைய மெட்ராஸுக்கு வந்திருந்தது. இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஜான் லீவர் டெல்லியில் தன் முதல் டெஸ்டிலேயே ஓர் இன்னிங்ஸில் 46 ரன்களுக்கு 7 விக்கெட் எடுத்து இந்தியாவைத் திணறடித்திருந்தார்.

சென்னையில் லீவரும் பாப் வில்லிஸும் புருவத்துக்கு மேல் வாசலின் தடவிய துணிப்பட்டைகளை ஒட்டியிருந்தனர். வியர்வை கண்ணில் வடிவதைத் தடுக்க, அணியின் பிசியோதெரபிஸ்ட் பெர்னார்ட் தாமஸ் கூறிய யோசனை இது என்று இங்கிலாந்து தரப்பு விளக்கியது. ஆட்டத்தின்போது அந்தப் பட்டை நடுவர் ஜூடா ரூபனின் கவனத்துக்கு வந்தது. வாசலின் பட்ட விரலால் பந்தைத் துடைத்தால் பளபளப்பு நீடிக்கும் என்பதால் இந்திய கேப்டன் பிஷன் சிங் பேடி வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்.

இங்கிலாந்து அணி அந்த டெஸ்டில் 200 ரன்கள் வித்தியாசத்தில் வென்று தொடரைக் கைப்பற்றியது. இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா 83 ரன்களுக்குச் சுருண்டது. தோல்வியின் வேதனையில் எழுந்த புகார் என்று இங்கிலாந்து தரப்பில் சிலர் கருதினர். நியாயமான கேள்வி என்று இந்தியத் தரப்பு வாதிட்டது. இறுதியில் லீவரின் விளக்கம் இங்கிலாந்து கிரிக்கெட் நிர்வாகத்தால் ஏற்கப்பட்டு, அவர்மீது நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை.

அன்று எழுந்த சிக்கல் இன்றும் தீரவில்லை. வியர்வை இயற்கையானது, வாசலின் செயற்கையானது. இரண்டும் ஒரே நெற்றியில் கலந்திருக்கும்போது பந்தில் பட்டது எது என்பதை யார் பிரித்துச் சொல்வது? உள்நோக்கம் இருந்ததா இல்லையா என்பதைத் துணிப்பட்டை சொல்லாது.

புல்லும் இருமல் மிட்டாயும்

இந்திய வீரர்களும் இந்த விதியின் பிடியில் சிக்கியதுண்டு. 2001-ஆம் ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் டெஸ்டில், நடுவரிடம் தெரிவிக்காமல் பந்தின் தையலைச் சுத்தம் செய்ததற்காக சச்சின் டெண்டுல்கருக்குப் போட்டி நடுவர் மைக் டென்னஸ் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட தடையும் விதித்தார். தையலில் ஒட்டிய புல்லையும் மண்ணையும் அகற்றியதாகவே டெண்டுல்கர் தரப்பு கூறியது. அதே டெஸ்டில் மேலும் சில இந்திய வீரர்களும் வேறு காரணங்களுக்காகத் தண்டிக்கப்பட்டதால் விவகாரம் முற்றியது. அடுத்த டெஸ்டில் டென்னஸ் இல்லாமலேயே இரு அணிகளும் ஆடின. அந்தப் போட்டிக்கு அதிகாரப்பூர்வ டெஸ்ட் தகுதியை ஐசிசி வழங்கவில்லை.

2004-ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிஸ்பேனில் ஜிம்பாப்வேக்கு எதிரான ஒருநாள் போட்டியில், இருமல் மிட்டாயின் ஈரத்தைப் பந்தில் தடவியதாக ராகுல் டிராவிட்டுக்குப் போட்டிக் கட்டணத்தில் 50 சதவீதம் அபராதம் விதிக்கப்பட்டது. சர்க்கரை கலந்த உமிழ்நீர் தோலின் பளபளப்பைக் கூட்டும் என்பது வீரர்களிடையே நெடுங்கால நம்பிக்கை. 2005 ஆஷஸ் தொடரில் தாம் மிட்டாய் மென்று பந்தை மெருகேற்றியதை இங்கிலாந்தின் மார்கஸ் டிரெஸ்கோதிக் பின்னர் தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார்.

இவை எல்லாவற்றையும் விஞ்சியது 2018 மார்ச் 24 அன்று கேப் டவுனில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் கேமரூன் பேங்க்ராஃப்ட் மஞ்சள் நிறத் தாள் ஒன்றால் பந்தைத் தேய்ப்பதும், பின்னர் அதைக் கால்சட்டைக்குள் மறைப்பதும் கேமராவில் பதிவாகின. முதலில் ஒட்டுநாடா என்று சொல்லப்பட்ட அது உப்புத்தாள் என்பது பின்னர் உறுதியானது. ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியம் ஸ்டீவ் ஸ்மித்துக்கும் டேவிட் வார்னருக்கும் 12 மாதங்களும், பேங்க்ராஃப்டுக்கு 9 மாதங்களும் தடை விதித்தது. அதே ஆண்டு ஐசிசி, பந்தைச் சேதப்படுத்தும் குற்றத்தின் தரத்தை உயர்த்தி, அதிகபட்சத் தண்டனையைக் கடுமையாக்கியது.

உமிழ்நீர்: ஒரு தொற்று மாற்றிய வழக்கம்

கொரோனா பரவலால் 2020 ஜூன் மாதம் உமிழ்நீரைப் பந்தில் தடவ ஐசிசி இடைக்காலத் தடை விதித்தது. வியர்வைக்குத் தடை இல்லை. 2022 அக்டோபர் முதல் இந்தத் தடை நிரந்தரமானது. எனினும் 2025-ஆம் ஆண்டு ஐபிஎல் தொடரில் உமிழ்நீர் பயன்படுத்த இந்திய கிரிக்கெட் வாரியம் அனுமதி அளித்தது. ஆக, சர்வதேசப் போட்டியில் விதிமீறலாக இருக்கும் ஒரு செயல் ஐபிஎல் ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்ட ஒன்றாக மாறியது.

எல்லைக்கோடு எங்கே?

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்பலாம். மேற்பரப்பை மாற்றுவது இரு ஆட்டங்களுக்கும் பொதுவானது. பந்து யாருடையது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

டென்பின் பவுலிங்கில் ஒவ்வொரு வீரருக்கும் தனிப் பந்து உண்டு. ஒருவர் தன் பந்தைத் தேய்ப்பதால் எதிராளியின் பந்துக்கு எதுவும் நேர்வதில்லை. எதிராளியும் அதே தாளை வாங்கித் தன் பந்தைத் தேய்த்துக்கொள்ளலாம். மெக்கியூனின் ரசாயனம் சிக்கலானதற்குக் காரணம், பந்து என்ற பொருளின் இயல்பையே அது மாற்றியதுதான். கடினத்தன்மை விதி அந்த எல்லையைக் காத்தது.

கிரிக்கெட்டில் பந்து ஒரு அணியின் சொத்தல்ல. அதை ஆட்டம் முழுவதும் ஒரு தரப்பு கையாளுகிறது, மறுதரப்பு எதிர்கொள்கிறது. பந்து எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கணிப்பது பேட்டரின் திறமையில் ஒரு பங்கு. ஆடுகளமும் மட்டையும் காலமும் பந்தைத் தேய்த்தால் அதை இரு தரப்பும் பார்க்கின்றன. கால்சட்டைக்குள் மறைத்த தாள் தேய்த்தால் ஒரு தரப்புக்கு மட்டுமே அது தெரியும். ஆகவே கிரிக்கெட் சட்டம் மூன்றை மட்டும் அனுமதிக்கிறது: செயற்கைப் பொருள் சேர்க்காமல் துடைத்து மெருகேற்றலாம்; நடுவர் முன்னிலையில் மண்ணை அகற்றலாம்; நனைந்தால் துணியால் உலர்த்தலாம். இவற்றை மீறினால் எதிரணிக்கு 5 ரன்கள் வழங்குவதோடு பந்தையும் நடுவர்கள் மாற்றலாம்.

இந்த அதிகாரம் எளிதில் பயன்படுத்தக்கூடியதல்ல. 2006 ஆகஸ்டில் லண்டன் ஓவல் டெஸ்டில் நடுவர்கள் பாகிஸ்தானுக்கு எதிராக 5 ரன்களை வழங்கியதும், அந்த அணி தேநீர் இடைவேளைக்குப் பிறகு களமிறங்க மறுத்தது. ஆட்டம் இங்கிலாந்து வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பின்னர் நடந்த விசாரணையில் பந்தைச் சேதப்படுத்திய குற்றச்சாட்டிலிருந்து கேப்டன் இன்சமாம் உல் ஹக் விடுவிக்கப்பட்டார். ஆட்டத்துக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதற்காக மட்டுமே அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. கண்ணால் பார்க்காத ஒரு தேய்ப்பைப் பந்தின் முகத்தை மட்டும் வைத்து நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தப் போட்டி காட்டியது.

இளம் வீரர்கள் அறிய வேண்டியவை

தோல் பந்தில் பயிற்சி பெறும் சித்தூர், திருப்பதி வட்டார இளைஞர்களுக்கு இந்த அறிவியல் நேரடியாகப் பயன்படக்கூடியது. எந்தப் பக்கத்தை மெருகேற்றுவது என்பதை முதல் சில ஓவர்களிலேயே அணி முடிவு செய்ய வேண்டும். அதிகம் உரசிய பக்கத்தைத் தேய விட்டு, மற்றதை மட்டும் எல்லோரும் துடைக்க வேண்டும். ஒரே ஒரு வீரர் தவறுதலாக மறுபக்கத்தைத் துடைத்தாலும் பல ஓவர் உழைப்பு வீணாகிவிடும். ரிவர்ஸ் ஸ்விங்கை எதிர்பார்க்கும் அணி சொரசொரப்பான பக்கத்தை ஈரம் படாமல் காக்க வேண்டும். வியர்வை கையால் பந்தை முழுவதுமாகப் பிடிக்காமல், பளபளப்பான பக்கத்தில் மட்டும் வியர்வையைத் தடவுவது வழக்கம்.

பந்தில் சேறு ஒட்டினால் தானாகச் சுரண்டாமல் நடுவரிடம் காட்டி அகற்றுவது நல்ல பழக்கம். களிம்பு, எண்ணெய், மிட்டாய் ஆகியவற்றைப் பந்துக்கு அருகில் கொண்டு செல்லாமல் இருப்பது பாதுகாப்பு. டெண்டுல்கர் போன்ற வீரரே நடுவரிடம் சொல்லாததால் தண்டிக்கப்பட்டார் என்பது இதற்குப் போதிய பாடம்.

மெருகேற்றிய கிரானைட் பலகையைக் கண்ட எவருக்கும் அதைத் தேய்த்த கையின் உழைப்பு புரியும். கிரிக்கெட் பந்தின் பளபளப்பும் அத்தகைய உழைப்பில் விளைந்ததாக இருக்கும் வரை அது திறமை. ஒளித்து வைத்த பொருளால் விளைந்தது என்றால் அது குற்றம்.